ஏழாம் கட்டளையும் இணையமும்



சென்ற மாதத்து ஞாயிறொன்றில் காலைப் பூசை முடிந்து ஆலய முகப்பில் நின்றபோது நம் காதில் விழுந்த உரையாடல் ஒன்றே இவ்வாரப் பாடத்துக்குக் காரணமாயிற்று. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வழமைபோல எமது வாரப் பத்திரிகையை விலை கொடுத்து வாங்கினார். அருகில் நின்ற அவருடைய பேரன், உயர்தர வகுப்பு மாணவன், அவரைக் கேட்டான்:

"ஏன் அப்பப்பா, உது முழுக்கப் பங்கு வட்ஸ்அப்பிலை வருந்தானே. பிறகேன் காசு குடுத்து வாங்கிறியள்?"

பெரியவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியளே சுவாமி! உவையளுக்கு எல்லாம் சும்மா வேணும். நாங்கள் கஞ்சி குடிச்ச காலத்திலையும் பேப்பரைக் காசு குடுத்துத்தான் வாசிச்சனாங்கள்."

பேரன் விடவில்லை. "சும்மா இல்லைப் பாதர். மாசம் மாசம் டேற்றாவுக்குக் காசு கட்டுறம். அதுக்குள்ளை எல்லாம் அடங்குந்தானே?"

அந்த இடத்தில் நாம் சிரித்துச் சமாளித்துவிட்டோம். ஆனால், அறைக்குத் திரும்பிய பின்னர் அப்பிள்ளையின் கேள்வி மனதைவிட்டு அகலவில்லை. இணையத்தில் வரும் பாட்டு, படம், பத்திரிகை, புத்தகம் ஆகியவற்றுக்கு விலை கொடுக்கக் கிறிஸ்தவன் கடமைப்பட்டவனா? கொடாமல் எடுப்பது ஏழாம் கட்டளைக்கு விரோதமான களவா? இதைப்பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்பவர்களும் உண்டு. "அது ஒரு விசயமா" என்று சிரிப்பவர்களும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்விடயத்தில் நாம் நடுநிலையாளர் அல்லர். பத்திரிகை விற்றால்தான் அச்சுக்கூலி கொடுக்கலாம் என்ற நிலையில் உள்ளவன் எழுதுவது இது. வாசகர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசிப்பாராக.

பெரியவர்களின் பழைய கணக்கு

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசமாக வேண்டும்' என்பது இன்று பெரியவர்களின் வாயில் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. அது எவ்வளவு தூரம் உண்மை என்று நோக்குவோம்.

எண்பதுகளில் யாழ்ப்பாண நகரிலும் சந்திகள் தோறும் றெக்கோடிங் பார்கள் இருந்ததை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க முடியாது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கசற்றோ தொண்ணூறு நிமிடக் கசற்றோ ஒன்றையும் கொடுத்தால், இரண்டொரு நாளில் பாட்டுகள் பதியப்பட்டுக் கிடைக்கும். கசற்றுக்குக் காசு கொடுத்தோம். பதிந்தவருக்குக் கூலி கொடுத்தோம். பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு சதமேனும் போகவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத குடாநாட்டிலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி அதே கசற்றுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதில் எவராவது பாவசங்கீர்த்தனம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சொந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லுவோம். குருமடத்தில் பயின்ற காலத்தில், ஒழுக்கவியல் நூல் ஒன்று நூலகத்தில் ஒரேயொரு பிரதி இருந்தது. வெளிநாட்டு விலை, வாங்க வழியில்லை. நாலைந்து பேர் சேர்ந்து முழுவதையும் போட்டோக்கொப்பி எடுத்து மட்டை கட்டி வைத்துக்கொண்டோம். நீதி என்னும் புண்ணியம் பற்றிய அத்தியாயமும் அதில் அடக்கம். அப்பிரதி இன்னும் எமது அலுமாரியில் இருக்கின்றது. இப்பாடத்தை எழுதவும் அதைத்தான் புரட்டினோம்.

இது நம் நாட்டின் வறுமையால் மாத்திரம் வந்த பழக்கம் என்றும் கொள்ள வேண்டாம். 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில், அப்போது இருபது வயதான பில் கேற்ஸ், அமெரிக்காவின் கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். தாமும் நண்பர்களும் உழைத்து உருவாக்கிய கணினி மென்பொருளை, பெரும்பாலானோர் விலை கொடாமல் படியெடுத்துப் பயன்படுத்துவதாக அதில் முறையிட்டார். கருவிக்குக் காசு கொடுக்கிறீர்கள், அதனை இயக்கும் எழுத்துக்கு மாத்திரம் கொடுக்க மறுக்கிறீர்கள் என்பதே அம்முறைப்பாட்டின் சாரம். அன்று படியெடுத்த அந்த இளைஞர்கள் இன்று பாட்டன்மார்!

நாப்ஸ்ரர் காலத்துப் பாடம்

1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஷோன் பனிங் என்ற பதினெட்டு வயது மாணவர் நாப்ஸ்ரர் என்னும் நிரல் ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்டார். ஒருவர் தமது கணினியில் வைத்திருக்கும் பாட்டை இன்னொருவர் இணையத்தின் வழியாக நேரே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. சில மாதங்களுள் கோடிக்கணக்கானோர் அதிற் சேர்ந்தனர். பல்கலைக்கழக விடுதிகளில் இணைய இணைப்புகள் அடைபட்டுப் போகும் அளவுக்கு மாணவர் அதனைப் பயன்படுத்தினர். அவ்வாண்டு டிசெம்பரில் இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் மெற்றாலிக்கா என்னும் இசைக்குழுவும் வழக்கிட்டது. தம் பாட்டுகளைப் பரிமாறிய மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தது. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நாப்ஸ்ரருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, யூலையில் அதன் இயக்கம் நின்றது.

அத்துடன் காரியம் முடிந்ததா? இல்லை. ஒன்றை மூடினால் பத்துத் திறந்தன. 2003 செப்ரெம்பரில் இசைத்தட்டு நிறுவனங்கள் தனியாட்கள்மீதே வழக்குப் போடத் தொடங்கின. முதல் தொகுதியில் அகப்பட்டவர்களுள் நியூயோர்க் நகரில் அரசாங்க வீடொன்றில் வாழ்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவளுடைய தாய் 2,000 டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார். சட்டம் நிறுவனங்களின் பக்கமே இருந்தது. ஆனால் உலகம் அவர்களைப் பார்த்து முகம் சுழித்தது. சட்டத்தால் சரியான காரியத்தையும் செய்யும் முறையினால் அவமதிப்புக்கு உள்ளாக்கலாம் என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் பதிவிசை விற்பனை 1999இல் 1,460 கோடி டொலராக இருந்தது. 2014இல் சுமார் 700 கோடிக்கு இறங்கிவிட்டது. பின்னர் அதனைத் தூக்கி நிறுத்தியவை வழக்குகள் அல்ல. 2003 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனம் பாட்டொன்றை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியபோது முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாட்டுகள் விலைப்பட்டன. 2008இல் சுவீடனில் தொடங்கிய ஸ்பொட்டிபை போன்றவை, மாதச் சந்தா கட்டி விரும்பியதைக் கேட்கும் முறையைப் பரப்பின. 2023இல் அமெரிக்க விற்பனை 1,700 கோடி டொலரைத் தாண்டிற்று. நாணயத்தின் பெறுமதி குறைந்ததைக் கணக்கெடுத்தால் அது பழைய அளவை இன்னும் எட்டவில்லை. கேட்கப்படும் தடவையொன்றுக்கு உரிமையாளருக்குப் போய்ச் சேருவது ஓர் அமெரிக்கச் சதத்துக்கும் குறைவு என்ற குறையும் உண்டு. ஆயினும் மக்கள் மறுபடி காசு கொடுக்கப் பழகினார்கள் என்பது உண்மை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாப்ஸ்ரரில் பாட்டெடுத்த மாணவர் 1980ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். இப்போது அவர்களுக்கு இந்த வரிகளை எழுதுபவனின் வயது. இணையத்தில் உள்ளதெல்லாம் இலவசம் என்ற எண்ணத்தைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தது எங்கள் தலைமுறையே. நம்மூரிலும், 2002இல் ஏ-9 பாதை திறந்த பின்னர், நூற்றைம்பது பாட்டுகள் அடங்கிய எம்.பீ.3 சீடிகளைச் சந்தியிலே மலிவு விலைக்கு வாங்கி அடுக்கியவர்கள் நாமே. இன்றைய பிள்ளைகளோ கைத்தொலைபேசி விளையாட்டுக்கும் மாதச் சந்தாவுக்கும் காசு செலவிடுகிறார்கள். சில வீடுகளில் அளவுக்கு மிஞ்சியே செலவிடுகிறார்கள். அவர்கள் காசு கொடாதவர்கள் அல்லர். எதற்குக் கொடுப்பது என்பதில்தான் நம்மோடு வேறுபடுகிறார்கள்.

களவு என்றால் என்ன?

இனி ஒழுக்கவியலுக்கு வருவோம். பிறருக்குரிய பொருளை, உரிமையாளரின் நியாயமான விருப்பத்துக்கு மாறாக எடுத்துக்கொள்வதே களவு என்று திருச்சபை படிப்பிக்கின்றது. 'நியாயமான' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பட்டினியால் சாகப்போகிறவன் பிறனுடைய பாணை எடுத்து உண்டால் அது களவாகாது என்று புனித தோமஸ் அக்குவினார் கூறுவது இதனாலேதான். அந்த வேளையில் மறுப்பது நியாயமான விருப்பம் அன்று.

ஆனால் படியெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அயலவனின் மாட்டை அவிழ்த்துச் சென்றால் அவனுக்கு மாடு இல்லை. அவனுடைய பாட்டைப் படியெடுத்தால் பாட்டு அவனிடமும் இருக்கின்றது, என்னிடமும் இருக்கின்றது. எதனைத் திருடினேன்?

இது புதிய கேள்வி அன்று. அயர்லாந்திலே ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித கொலும்பாவைப் பற்றிப் பிற்கால வரலாறுகளில் ஒரு மரபுக்கதை உண்டு. அவர் தம் ஆசிரியரான புனித பின்னியனிடமிருந்த சங்கீதப் புத்தகத்தை இரவிரவாக இரகசியமாய்ப் படியெடுத்தாராம். பின்னியன் அப்பிரதி தமக்கே உரியது என்றார். வழக்கு மன்னன் டியார்மயிற்றிடம் போயிற்று. பசு யாருடையதோ கன்றும் அவருடையது, அதுபோலவே புத்தகமும் படியும் என்ற கருத்தில் மன்னன் தீர்ப்பளித்தான். கொலும்பா அதனை ஏற்கவில்லை. 561ஆம் ஆண்டளவில் கூல் திரெம்னே என்ற இடத்தில் நடந்த போருக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். இரண்டு ஆண்டுகளின் பின் கொலும்பா அயர்லாந்தை விட்டு அயோனாத் தீவுக்குப் போனார். அக்கதையோடு தொடர்புபடுத்தப்படும் பழைய சங்கீதப் பிரதி டப்ளின் நகரிலே இன்றும் பேணப்படுகின்றது. புத்தகத்துக்காகப் புனிதர்கள் இருவர் வழக்காடினார்கள் என்றால், தபாலதிபரும் பேரனும் வாதாடியதில் வியப்பில்லை!

ஞானத்தைப் பகிர்வதால் அது குறைவதில்லை என்ற கொலும்பாவின் பக்கமும் வலுவானதே. கொடுப்பதாற் குறையாத பொருளை, கொடாமல் தனக்கென்றே வைத்திருப்பவன் அதனை உள்ளபடி வைத்திருப்பவன் அல்லன் என்ற கருத்தைப் புனித அகுஸ்தீனார் கிறிஸ்தவப் போதனை பற்றிய தமது நூலின் தொடக்கத்திலே கூறுகின்றார். உயிர்ப்புத் திருவிழிப்பின்போது பாஸ்குத் திரியிலிருந்து எல்லோரும் தத்தம் திரியை ஏற்றிக்கொள்கிறோம். நெருப்பு எத்தனை பேருக்குப் பங்கிடப்பட்டாலும் குறைவதில்லை என்று அவ்விரவிற் பாடப்படும் புகழுரை கூறுகின்றது. ஆயினும் அப்புகழுரையின் இலத்தீன் மூலம் அத்தோடு நின்றுவிடவில்லை. உருகிக்கொண்டிருக்கும் மெழுகையும், அதனை உண்டாக்கிய தேனீயின் உழைப்பையும் சேர்த்தே நினைவுகூருகின்றது. நெருப்புக் குறையாது, மெய்தான். மெழுகு குறையும். யாரோ ஒருவர் மெழுகு வாங்கி வைத்தபடியாற்றான் நெருப்பு நமக்குக் கிடைக்கின்றது.

பாட்டும் பத்திரிகையும் புத்தகமும் அவ்வாறே. படியெடுக்க ஒன்றும் செலவில்லை. முதற்பிரதியை உண்டாக்கத்தான் செலவு. ஆகவே, உரிமையுள்ள படைப்பைக் கொடுக்க வசதியிருந்தும் விலை கொடாமல் எடுப்பவன் செய்யும் அநீதியை, மாட்டைத் திருடுவதோடு ஒப்பிடுவதைப் பார்க்கிலும், கூலியைக் கொடாமல் விடுவதோடு ஒப்பிடுவதே பொருந்தும் என்பது எமது கருத்து. இப்படிச் சொல்வதாற் குற்றம் இலேசாகி விடுவதில்லை. வயலில் அறுத்தவர்களுக்குப் பிடித்துவைத்த கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுவதாக எழுதியவர் புனித யாகப்பர்.

'பெரிய கம்பனிகள் கொள்ளை இலாபம் அடிக்கின்றன. நான் எடுத்தால் என்ன?' என்பர் சிலர். இதற்கும் பழைய விடை ஒன்று உண்டு. 1679ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி பாப்பரசர் 11ஆம் இன்னசென்ற் அறுபத்தைந்து தவறான கூற்றுகளைக் கண்டித்தார். தமக்குக் கிடைக்கும் சம்பளம் உழைப்புக்குப் போதாதென்று கருதும் வேலையாட்கள், எசமானிடமிருந்து இரகசியமாக எடுத்து ஈடுசெய்யலாம் என்பது முப்பத்தேழாவது கூற்று. சிறுகச் சிறுகத் திருடிய தொகை மொத்தத்தில் எவ்வளவு பெரிதானாலும் திருப்பிக் கொடுக்கச் சாவான பாவத்தின்கீழ்க் கடமையில்லை என்பது முப்பத்தெட்டாவது. இரண்டும் தவறு என்று தீர்க்கப்பட்டன. தன் வழக்கில் தானே நீதவானாக இருப்பதை முன்னையதும், 'ஒரு பாட்டுத்தானே, ஒரு படந்தானே' என்று சொல்லிக்கொண்டே போவதைப் பின்னையதும் தடுக்கின்றன. முந்நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னர் தீர்க்கப்பட்டவை இவை!

ஆலயமும் தப்பவில்லை

இளைஞரை மாத்திரம் கண்டிப்பது நேர்மையாகாது. அமெரிக்காவிலே, தாய்மொழி வழிபாடு வந்த புதிதில், பங்குகள் பல புதிய திருப்பாடல்களை அனுமதியின்றிப் படியெடுத்துத் தமக்கெனப் பாட்டுப் புத்தகங்கள் செய்துகொண்டன. அப்பாடல்களின் வெளியீட்டாளர் 1976இல் சிக்காகோ அதிமேற்றிராசனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1984இல் யூரிகள் முப்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கொடுக்கும்படி தீர்த்தனர். மேன்முறையீட்டில் அத்தொகையின் பெரும்பகுதி தள்ளப்பட்டது. உரிமையை மீறியதாகச் சொல்லப்பட்ட பகுதி அதிற் சிறியதே. ஆயினும் ஆராதனைக்குத்தானே என்ற நல்ல நோக்கம் மாத்திரம் போதாது என்பதை அந்நாட்டுப் பங்குகள் நன்றாகவே கற்றுக்கொண்டன.

நம்முடைய பாடகர் குழுக்களின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் என்ன காண்போம் என்று நமக்குத் தெரியும். 2020இல் தொற்றுக் காலத்திலே ஆலயங்கள் பூட்டப்பட்டு, பூசையை யூரியூப்பில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, இடையிற் போட்ட பாட்டுக்கு உரிமை கோரி அறிவித்தல் வந்து திகைத்த பங்குகளும் உண்டு. பாட்டைக் கட்டியவர்களுள் வறிய உபதேசியார்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பெயரைத்தானும் நாம் போடுவதில்லை.

பேரன் சொன்னதில் உள்ள நியாயம்

டேற்றாவுக்குக் கொடுத்த காசில் எல்லாம் அடக்கம் என்பது தவறு. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவன், மீனுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வதில்லை. டேற்றாக் காசு தொலைபேசிக் கம்பனிக்குப் போகின்றது. மீன் பிடித்தவனுக்கு அன்று. ஆனால் இளைஞர் பக்கத்தில் கேட்கப்படவேண்டிய நியாயங்களும் உள.

முதலாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுட் பெரும்பங்கு உண்மையாகவே கொடையாகத் தரப்பட்டது. உலகளாவிய வலை என்னும் அமைப்பையே, ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுகூடம் 1993 ஏப்பிரல் 30ஆம் திகதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவைத் தொண்டர்கள் எழுதுகிறார்கள்; செலவை நன்கொடை தாங்குகின்றது. நம்மவரிடையே 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் தேடி எடுத்துப் படம்பிடித்து எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கின்றது. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட கொடையை நன்றியோடு பெறுவது களவாகாது. முடிந்தபோது ஒரு சிறு நன்கொடை அனுப்புவதும் நன்று.

இதனோடு புனித காலோ அக்குற்றிஸையும் நினைவிற் கொள்ளலாம். 2006இல் பதினைந்து வயதில் இறந்து, 2025 செப்ரெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் 14ஆம் லியோவினாற் புனிதராக அறிவிக்கப்பட்ட அந்த இத்தாலிய இளைஞர், நற்கருணைப் புதுமைகள் பற்றிய தொகுப்பைத் தாமே உழைத்து இணையத்தில் இட்டு எவரிடமும் காசு கேட்கவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவர் இலவசமாகக் கொடுத்தது தம்முடைய உழைப்பை. பிறருடைய உழைப்பைத் தானம் செய்து எவரும் தாராள மனத்தராக முடியாது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசியுங்கள். போர்ச்சேவகன், திராட்சை நட்டவன், மந்தை மேய்ப்பவன், போரடிக்கும் மாடு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, உழைத்தவனுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டென்று நிலைநாட்டுகிறார். அதன் பின்னரே, தாம் அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரம் தைத்துச் சீவித்தார். விட்டுக்கொடுக்கும் உரிமை சின்னப்பருடையது. கொரிந்தியர் தாமாகவே, 'சுவாமி காசு கேட்கமாட்டார்' என்று தீர்மானித்திருந்தால் அது வேறு கதை.

இரண்டாவது, வாசலே இல்லாத வீட்டில் வாசலால் வரவில்லை என்று ஒருவனைக் குறைசொல்ல முடியாது. ஸ்பொட்டிபை இலங்கைக்கு வந்தது 2021இலேதான். அதற்கு முன்னர் அதற்குக் காசு கட்ட விரும்பிய நம் பிள்ளைக்கும் வழி இருக்கவில்லை. 2022இல் சில வாரங்களுள் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது அளவுக்கு ஏறியபோது, டொலரில் விலையிட்ட எல்லாம் நம் கைக்கு எட்டாமற் போயின. அமெரிக்க மாணவனுக்கு ஒரு கோப்பிக் காசாக உள்ளது நம் மாணவனுக்கு ஒரு வாரத்துச் சாப்பாட்டுக் காசு. பாடப் புத்தகம் வாங்க இயலாத பிள்ளை ஓர் அத்தியாயத்தைப் படியெடுத்தால், நியாயமான எந்த ஆசிரியன் அதனை மறுப்பான்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் ஆயுட்காலமும் அதற்குப்பின் எழுபது ஆண்டுகளும் உரிமையைக் காக்கின்றது. அதே சட்டம், கற்பித்தல், ஆய்வு, விமரிசனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவு எடுத்தாள இடமும் விடுகின்றது. சமூகத் தொடர்புக்கான பாப்பரசர் ஆலோசனைச் சபை 2002இல் வெளியிட்ட இணைய ஒழுக்கம் பற்றிய ஏடும், இணையத்தால் பயன்பெறுவோருக்கும் பெறாதோருக்கும் இடையே வளரும் பிளவை நீதி சம்பந்தப்பட்ட பிரச்சினையாகவே எடுத்துரைத்தது. ஆனால் பாணுக்கு உள்ள அவசரம் நேற்று வெளிவந்த சினிமாப் படத்துக்கு இல்லை. அப்படத்தைக் களவாகப் படம்பிடித்து, அதனைக் காட்டி விளம்பரக் காசு உழைப்பவன் செய்வது பாரதூரமான அநீதி. அவனுக்கும் பாட்டொன்றைக் கேட்ட சிறுவனுக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாகாது.

மூன்றாவது, 'இலவசம்' என்று வைத்திருப்பவர்களும் முழு உண்மை சொல்வதில்லை. பேஸ்புக்குக்கோ கூகிளுக்கோ நாம் காசு கொடுப்பதில்லை. நாம் எதைப் பார்க்கிறோம், எங்கே தரித்து நிற்கிறோம் என்பதை அளந்து, அந்தக் கவனத்தை விளம்பரகாரருக்கு அவர்கள் விற்கிறார்கள். காசை எண்ணிக் கொடுத்தால் எவ்வளவு கொடுத்தோம் என்றாவது தெரியும். இரவு பதினொரு மணிவரை கொடுத்ததை எவர் எண்ணுவார்?

செய்தியின் விலை

பாட்டுக்கும் படத்துக்கும் காசு கொடுக்கும் இளைஞர்கூடச் செய்திக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஒக்ஸ்போட்டிலுள்ள றொயிற்றர்ஸ் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான இருபது நாடுகளில் இணையச் செய்திக்குக் காசு கொடுத்தோர் நூற்றுக்குப் பதினேழு பேர். நோர்வேயில் நாற்பது பேர். அவ்வாறு சந்தா கட்டுவோரின் சராசரி வயது ஐம்பதுக்குக் கிட்டியது என்று அதே நிறுவனம் 2022இல் எழுதியது. நியூயோர்க் ரைம்ஸ் 2011 மார்ச்சில் இணைய வாசகரிடம் காசு கேட்கத் தொடங்கியபோது பலர் நகைத்தனர். 2024 முடிவில் அதற்கு ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர் இருந்தனர். ஆனால் உலகெங்கும் ஆங்கிலம் வாசிப்போரை நம்பியிருக்கும் பத்திரிகைக்கு இயன்றது, ஒரு மறைமாவட்டத்தின் தமிழ் வாசகரை நம்பியிருக்கும் பத்திரிகைக்கு இயலுமா?

நம் நாட்டில் 2022 மார்ச்சில் அச்சுத் தாள் இல்லாமற் கொழும்பு நாளிதழ்கள் இரண்டு தமது சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்ததைப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தத் தாளை நாங்கள் மறுக்காமற் காசு கொடுத்து வாங்கினோம். ஒன்றை வாங்கிப் பத்துப் பேர் வாசித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். தேநீர்க் கடை வாங்கில் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசித்த நாம், வட்ஸ்அப்பிற் பகிர்வதை முழுக்கக் குற்றம் என்று எப்படிச் சொல்லலாம்? வேறுபாடு ஒன்றேதான்: கடைக்காரர் ஒரு பிரதி வாங்கினால் பத்துப் பேர் வாசித்தார்கள். இன்று ஒரு பிரதியை முந்நூறு பேர் வாசிக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த ஒன்றையும் வாங்க ஆள் இல்லாவிட்டால், படம்பிடிக்கப் பத்திரிகை இராது.

உரிமையாளரின் நியாயமான விருப்பம் என்று மேலே சொன்னோம் அல்லவா? அதை ஊகிக்க விடாமற் சொல்லிவிடுவது எமது கடமை. ஞாயிறு வாசக விளக்கமும் மரண அறிவித்தல்களும் உள்ள பக்கங்களைத் தாராளமாகப் படம்பிடித்து எவருக்கும் அனுப்புங்கள், மகிழ்ச்சி. ஏனைய பக்கங்களை அடுத்த புதன்கிழமை வரை பொறுத்து அனுப்புங்கள். வீட்டோடு கிடக்கும் நோயாளருக்கும் வாங்க வசதியற்றோருக்கும் அந்தப் பொறுப்பும் வேண்டாம். ஞாயிறே அனுப்பலாம், எம்மிடம் கேட்டால் தாள் பிரதியே இலவசமாகத் தருவோம். வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் வாசிக்கும் அன்பர்கள், ஊரிலுள்ள ஒரு வீட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் எமக்கு அதுவே போதும். பழைய பாட்டுகளை எண்ணிக் கலங்குவோருக்கு: உரிமையாளரை இனி அறிய வழியில்லாதபோது அந்த ஈட்டை ஏழைகளுக்குக் கொடுப்பதே பழைய ஒழுக்கவியலாரின் வழி. அதற்கு மேல் மனச்சாட்சியை வதைக்க வேண்டாம்.

இப்பாடத்தை அச்சுக்குக் கொடுக்கு முன்னர் தபாலதிபரிடம் வாசித்துக் காட்டினோம். றெக்கோடிங் பார் பற்றிய பகுதி வந்ததும் பேரன் அவரைப் பார்த்துச் சிரித்தான். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

"சுவாமி, எங்கடை அலுமாரியிலை அறுபது கசற் கிடக்குது," என்றார் பின்னர். "எல்லாம் பாரிலை பதிஞ்சதுதான். உதையும் எழுதப் போறியளே?"

"எழுதட்டே ஐயா?"

"எழுதுங்கோ. பேரைப் போடாதேங்கோ."